ஊமையாக்கப்பட்ட சாட்சி

உண்டியல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. காணிக்கை பெறுவதற்காகப் பள்ளிவாசல் முகப்பிலும் தர்கா வாயிலிலும் வைக்கப்படும் பெட்டியை உண்டியல் என்கிறோம். ஓர் ஊரில் பணத்தைச் செலுத்தி வேறோர் ஊரில் பெற்றுக்கொள்வதற்காக வணிகர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கும் உண்டியல் என்றே பெயர். வடநாட்டார் அதனை ஹுண்டி என்பர். அரபுலகத்தார் ஹவாலா என்பர். இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த இரண்டாவது உண்டியல் நன்கு பழகிய ஒன்று. கடல் கடந்து சென்றவன் ஈட்டிய பொருள் ஊரிலிருந்த தாயின் கைக்கு வந்து சேர்வதற்கு, நடுவே நின்ற இரு மனிதரின் நாணயமே பிணையாக இருந்தது.

பணத்தைக் கொண்டு செல்லும் கருவி மாறுந்தோறும் பணத்தைக் களவாடும் கலையும் மாறி வந்துள்ளது. ஓலை, கம்பம், அச்சு, தந்தி, கணினி என ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிய திருடரும் உடன் வந்தனர். ஆயினும் இந்த நீண்ட வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்வோர்க்கு ஓர் ஒற்றுமை புலப்படாமற் போகாது. கைதேர்ந்த திருடன் பெட்டியின் பூட்டைத் தேடுவதில்லை. கணக்கு எழுதுபவன் யார், அதற்குச் சாட்சி யார் என்பதையே முதலில் தேடுகிறான்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று வினவினால், தொழுகையைப் பற்றியதென்றோ நோன்பைப் பற்றியதென்றோ விடை பகர்வோர் உண்டு. அது கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணை குறித்துக் கொடுக்கப்படும் கடனை எழுதி வைக்குமாறு பணிக்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டுமென்கிறது. கடன்பட்டவரே அதன் வாசகத்தைச் சொல்ல வேண்டுமென்கிறது. சாட்சிகளையும் அமைக்கச் சொல்கிறது. இத்தனையும் கூறியபின், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் இடையூறு விளைத்தலாகாது என்று விலக்கவும் செய்கிறது. இந்தக் கடைசி விலக்கை நம் மேடைகளில் எடுத்துப் பேசுவோர் குறைவு. பணத்தைப் பற்றிய குற்றங்களின் வரலாற்றைப் படித்துவிட்டு அவ்வசனத்துக்குத் திரும்பினால்தான் அதன் ஆழம் விளங்குகிறது.

அப்பாஸியர் காலத்திலேயே பணத்தைச் சுமக்காமல் பணத்தை அனுப்பும் முறைகள் நன்கு வளர்ந்துவிட்டன. ஓரூர் வணிகர் வேற்றூர் வணிகருக்கு எழுதும் ஸுஃப்தஜா, கடனை உறுதி செய்யும் ஸக்கு, ஒருவர் பட்ட கடனை மற்றொருவர்மீது மாற்றும் ஹவாலா ஆகிய மூன்றும் மார்க்கச் சட்ட நூல்களில் விரிவாக ஆராயப்பட்டவை. கிறிஸ்து சகாப்தம் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பயணி இப்னு ஹவ்கல், ஸஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் இருந்த அவ்தகுஸ்து என்னும் ஊரில் 42,000 தீனாருக்கு எழுதப்பட்ட ஒரு கடன் சீட்டைக் கண்டதாகக் குறித்து வைத்துள்ளார். அடுத்த நூற்றாண்டில் பஸராவுக்குச் சென்ற பாரசீகக் கவிஞர் நாஸிர் குஸ்ரோ, அந்நகரச் சந்தையில் வணிகர்கள் தம் பணத்தை நாணயமாற்றுவோரிடம் ஒப்படைத்துவிட்டு, வாங்கும் பொருளுக்கெல்லாம் அவர்மீது சீட்டு எழுதிக் கொடுத்ததைக் கண்டு வியந்து எழுதினார். ஐரோப்பியர் வழங்கும் 'செக்' என்னும் சொல்லே ஸக்கிலிருந்து பிறந்ததென்று நம்மவர் பெருமையோடு கூறுவதுண்டு. சொல்லாராய்ச்சியாளர் எல்லோரும் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெருமை இல்லாவிட்டாலும் நமக்குக் குறைவொன்றுமில்லை.

ஸுஃப்தஜாவை ஹனஃபி சட்ட அறிஞர்கள் முழு மனத்தோடு வரவேற்கவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது. வழிப்பறி அச்சத்திலிருந்து தப்பும் ஆதாயம் ஒன்றைக் கடன் கொடுத்தவர் அதனால் அடைகிறாரே, அது கடனின்மேல் பெறும் பலனாகாதா என்பது அவர்கள் எழுப்பிய வினா. வினா நுட்பமானது. அபாயம் என்பது மறைவதில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பாலைவனக் கொள்ளைக்காரன் ஸுஃப்தஜாவால் தொழிலிழந்தான். கையெழுத்தைப் போலி செய்பவன் தொழில் பெற்றான். ஆனால் அந்தப் போலிக் கையெழுத்துக்காரனுக்கு ஒரு பெருந்தடை இருந்தது. சீட்டைக் கொணர்பவன் யார், எந்தக் குடும்பத்தான், யாருடைய பழக்கம் என்றெல்லாம் கேட்டறியும் ஒரு மனிதர் மறுமுனையில் அமர்ந்திருந்தார்.

அறிமுகமான அந்த மனிதர் விலகி, அவரிடத்தில் முகமறியாத கருவியும் கூலிக்கு அதனை இயக்குபவரும் வந்தமர்ந்தபோது நேர்ந்ததற்கு, ஐரோப்பாவிலிருந்து முதற்சான்று கிடைக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கிளாடு ஷாப் என்பவர் உயர்ந்த கோபுரங்களின்மேல் மரக்கைகளை அமைத்து, அவற்றை அசைத்துச் செய்தி அனுப்பும் முறையைக் கண்டார். மின்சாரத் தந்திக்கு முற்பட்ட இந்தக் காட்சித் தந்தி அரசாங்கத்துக்கே உரியதாக இருந்தது. பாரிசில் அரசுக் கடன் பத்திரங்களின் விலை ஏறியதா இறங்கியதா என்னும் செய்தி, தெற்கே போர்தோ நகருக்கு அஞ்சல் வண்டியில் சென்றுசேரச் சில நாட்கள் ஆகும். அச்செய்தியைப் பிறருக்கு முன்னே அறிபவன் பொருள் குவிக்கலாம். 1834ஆம் ஆண்டு பிளாங்க் என்னும் குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர், இடைவழியில் தூர் நகரத்திலிருந்த தந்தி ஊழியர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்தனர். பாரிசிலிருந்து அவருக்குக் குறிப்பு வரும். அவர் அரசாங்கச் செய்தியின் நடுவே ஒரு தவறான குறியைச் சேர்த்து, உடனே பிழை நேர்ந்தது என்று காட்டும் குறியையும் சேர்த்துவிடுவார். போர்தோ அலுவலகத்தில் செய்தியைப் பெயர்த்து எழுதுபவர், பிழையைத் தள்ளிவிட்டுச் சரியானதை மட்டுமே பதிவேட்டில் ஏற்றுவார். கோபுரத்தை வெளியிலிருந்து நோக்கிக்கொண்டிருந்த கூட்டாளியோ அந்தப் பிழையை மட்டுமே படித்துக்கொள்வார்.

எத்தனை எளிய சூழ்ச்சி! பதிவேட்டில் குற்றத்தின் சுவடே இல்லை. எழுதுபவரின் நேர்மையையே திருடர்கள் தமக்குத் திரையாக்கிக் கொண்டனர். இரண்டாண்டு காலம் நடந்த இச்செயல் 1836இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு வழக்கு நடந்தபோது, தந்தியைத் தனி நபர் இவ்வாறு பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் அதுவரை இயற்றப்படவில்லை என்பதால் சகோதரர்கள் தண்டனையினின்று தப்பினர். சட்டம் அதன் பிறகே வந்தது. அவ்விருவருள் ஒருவரான பிரான்சுவா பிளாங்க் பிற்காலத்தில் மோன்டி கார்லோ சூதாட்ட மாளிகையை உலகப்புகழ் பெறச் செய்தவர் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. சூதாட்ட மாளிகை இக்கதையில் மீண்டும் வரும்.

அடுத்த சான்று போர்ச்சுக்கல் நாட்டினது. 1925ஆம் ஆண்டு லிஸ்பனில் ஆல்வெஸ் ரெய்ஸ் என்னும் ஒருவர், போர்ச்சுக்கல் வங்கியின் பெயரால் போலி ஒப்பந்தங்களைத் தயாரித்தார். லண்டனிலிருந்த வாட்டர்லோ அச்சகத்தாரே அவ்வங்கிக்கு முறையாக நோட்டு அச்சிட்டுக் கொடுத்தவர்கள். போலி ஒப்பந்தத்தை மெய்யென நம்பி, அவர்கள் 500 எஸ்குடோ நோட்டுகளை லட்சக்கணக்கில் அச்சிட்டு ரெய்ஸின் கூட்டாளிகளிடம் ஒப்படைத்தனர். காகிதம் மெய், மை மெய், அச்சுத் தகடும் மெய். கட்டளையிட்டவன் மட்டுமே பொய். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடான அங்கோலாவுக்கான இரகசிய ஏற்பாடு இது என்று கூறி, வங்கியோடு அச்சகத்தார் வெளிப்படையாகக் கடிதப் போக்குவரத்து வைக்காதபடி சூழ்ச்சிக்காரர் பார்த்துக்கொண்டனர். ஒரே வரிசை எண் கொண்ட இரு நோட்டுகள் அகப்பட்டபோது, அந்த ஆண்டு டிசம்பரில், கதை முடிந்தது. அதற்குள் ரெய்ஸ் சொந்தமாக ஒரு வங்கியே தொடங்கிவிட்டிருந்தார். போர்ச்சுக்கல் வங்கியின் பங்குகளையே வாங்கிக் குவிக்கவும் முற்பட்டிருந்தார்.

அந்த 500 எஸ்குடோ நோட்டில் இருந்த உருவம் வாஸ்கோ டகாமாவுடையது. 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் நிறைந்த மீரி என்னும் கப்பலைக் கொள்ளையிட்டுத் தீக்கிரையாக்கிய அதே மனிதர்தாம். கடற்கொள்ளையின் கைவண்ணத்தை மலபார்க் கரையும் சோழமண்டலக் கரையும் நன்கு அறியும். அவருடைய முகத்தையே வைத்து அவருடைய நாட்டையே கொள்ளையிட்டது காலத்தின் குறும்பு போலும்.

கட்டளையைப் போலி செய்தால் மெய்யான இயந்திரம் தானே வேலை செய்யும் என்ற ரெய்ஸின் பாடத்தை, 90 ஆண்டுகள் கழித்து வேறு சிலர் கணினியின் துணையோடு நடத்திக் காட்டினர். இம்முறை இழந்தது ஒரு முஸ்லிம் பெரும்பான்மை நாடு. உலகின் ஏழை நாடுகளுள் ஒன்று. வங்காளதேசத்தின் அந்நியச் செலாவணி எங்கிருந்து வருகிறது? ஆடைத் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் தையற்பொறியின் முன் குனிந்திருக்கும் பெண்களின் உழைப்பிலிருந்தும், வளைகுடா நாடுகளின் வெயிலில் கட்டடம் எழுப்பும் ஆண்களின் உழைப்பிலிருந்தும் வருகிறது. அச்செல்வத்தின் ஒரு பகுதியை டாக்காவிலுள்ள வங்காளதேச வங்கி, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருப்பாக வைத்திருந்தது. அங்கிருந்து பணத்தை எடுக்கவேண்டுமாயின் ஸ்விஃப்ட் என்னும் அமைப்பின் வாயிலாகக் கட்டளை செல்ல வேண்டும். 1973இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொடங்கப்பட்டு 1977 முதல் இயங்கிவரும் இந்த அமைப்பு பணத்தைக் கையாள்வதில்லை. ஒரு வங்கியின் கட்டளையை மற்றொரு வங்கிக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே அதன் பணி. இக்காலத்து ஸுஃப்தஜா என்று அதனைச் சொல்லலாம்.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலை தேடும் ஒருவர் எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் அவ்வங்கியின் ஊழியர் சிலருக்கு வந்தன. தன்விவரத்தைப் பார்க்க வேண்டுமாயின் ஓர் இணைப்பைத் திறக்கும்படி பணிவோடு வேண்டிக்கொண்டிருந்தது. திறக்கப்பட்டது. அந்த வழியாக நுழைந்த திருடர் ஓராண்டு காலம் வங்கியின் கணினிகளுக்குள் ஓசையின்றி உலவினர். வங்கியின் கணினி வலையைப் பாதுகாக்கத் தக்க தடுப்பரண் இல்லை என்றும், 10 டாலர் விலையுள்ள பழைய கருவிகளே பொருத்தப்பட்டிருந்தன என்றும் பின்னர் வங்காளதேசக் காவல்துறை ஆய்வாளர் கூறினர். இதற்கிடையே 2015 மே மாதம், பிலிப்பைன்ஸ் தலைநகர்ப் பகுதியிலுள்ள ஆர்சிபிசி வங்கியின் ஜூப்பிட்டர் தெருக் கிளையில் நான்கு கணக்குகள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 500 டாலர் செலுத்தப்பட்டு, மாதக்கணக்கில் எவரும் தொடாமல் கிடந்தன.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை. டாக்காவில் அலுவலகம் முடிந்து ஊழியர் வீடு திரும்பிய பின், வங்கியின் பெயரால் நியூயார்க்குக்கு 35 கட்டளைகள் சென்றன. அவற்றின் மொத்தத் தொகை 95.1 கோடி டாலர். திருடர்கள் தேர்ந்தெடுத்த நாட்களைக் கவனித்தால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழும். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவை முன்னிட்டு டாக்காவில் விடுமுறை. டாக்கா விழித்தெழும் ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, மணிலாவில் விடுமுறை. மூன்று சமுதாயங்களின் ஓய்வு நாட்களைக் கோத்து, அந்த இடைவெளிக்குள் ஒரு நாட்டின் கருவூலத்தைக் கடத்திவிட முயன்றார்கள்.

இங்கேதான் நம் சாட்சி வருகிறார். வங்காளதேச வங்கியின் பத்தாவது மாடியில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. ஸ்விஃப்ட் வழியாகப் போகும் ஒவ்வொரு கட்டளையையும், வரும் ஒவ்வொரு பதிலையும் அது தானாகவே தாளில் அச்சிட்டுத் தள்ளும். எவரும் பெரிதாக மதிக்காத அந்தப் பொறியே அத்தனை கோடிகளுக்கும் எழுத்தராகவும் சாட்சியாகவும் இருந்தது. திருடர்கள் முதலில் அதன் வாயைத்தான் கட்டினர். கணினிக்குள் அவர்கள் புகுத்திய நச்சு நிரல், கட்டளைகளின் பதிவுகளை அழித்தது. அச்சுக்குச் செல்ல வேண்டிய செய்திகளையும் இடைமறித்தது. வெள்ளிக்கிழமை காலை பணிக்கு வந்த அலுவலர், அச்சுப்பொறி இயங்காததைக் கண்டார். இதற்கு முன்பும் அது பழுதானதுண்டு; இதுவும் அதுபோலென்று எண்ணிவிட்டனர். பின்பு அதனை இயக்கியபோது நியூயார்க்கிலிருந்து வந்த ஐய வினாக்கள் அடுக்கடுக்காக வெளிவந்தன. பதில் கேட்கலாமென்றால் நியூயார்க்கில் அலுவலகம் மூடியாயிற்று.

95.1 கோடியும் போய்விடாமல் காத்தவை இரண்டு தற்செயல்கள். பணம் சேரவேண்டிய கிளையின் முகவரியில் இருந்த ஜூப்பிட்டர் என்ற சொல், ஈரான்மீது விதித்த தடைப் பட்டியலில் இருந்த கப்பல் ஒன்றின் பெயரோடும் பொருந்தியிருந்தது. அந்தச் சொல்லைக் கண்டு நியூயார்க்கின் கணினி பெரும்பாலான கட்டளைகளை நிறுத்தி வைத்தது. ஈரானை நெருக்குவதற்காக அமெரிக்கா வகுத்த பட்டியல், வங்காளத்து ஏழைகளின் பணத்தை அறியாமலே காத்தது! இரண்டாவது தற்செயல் இலங்கை சம்பந்தப்பட்டது. இரண்டு கோடி டாலர் அங்குள்ள ஓர் அறநிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. இத்துணைப் பெருந்தொகை இந்தச் சிறு நாட்டுக்கு வருவது வழக்கமில்லையே என்று இலங்கை வங்கியில் ஐயம் எழுந்தது. ஃபவுண்டேஷன் என்றிருக்க வேண்டிய சொல் ஃபான்டேஷன் எனப் பிழையாக எழுதப்பட்டிருந்ததை இடையிலிருந்த ஜெர்மானிய வங்கி கண்டது. அந்தப் பணம் திரும்பிவிட்டது. முதல் தற்செயலில் கணினி ஒரு சொல்லைக் கண்டதேயன்றி வேறெதையும் அறியவில்லை. கொழும்பில் ஒரு மனிதர், இது நடக்கக்கூடியதா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பஸராவின் நாணயமாற்றுவோர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் அதுதான்.

மணிலாவில் அக்கேள்வியை எவரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்த கணக்குகளில் திடீரென 8.1 கோடி டாலர் வந்து விழுந்தது. நிறுத்தும்படி டாக்கா அனுப்பிய வேண்டுகோள் விடுமுறை கழிந்து செவ்வாயன்று கவனிக்கப்படுவதற்குள் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. பணம் சூதாட்ட மாளிகைகளுக்குச் சென்றது. சில்லுகளாக மாறி, மேசைகளில் புரண்டு, எவருடையதென்று சொல்ல முடியாததாகி வெளியேறியது. பணத்தூய்மைக் குற்றத்தைத் தடுக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சட்டத்தின் வரம்புக்குள் அப்போது சூதாட்ட மாளிகைகள் இல்லை. 2017இல்தான் அவை சேர்க்கப்பட்டன. தூர் நகரத் தந்தியின் கதையே மீண்டும்: குற்றம் முன்னே, சட்டம் பின்னே. கிளை மேலாளராக இருந்த ஒரு பெண்மணிக்கு 2019இல் நீண்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வங்காளதேச வங்கியின் ஆளுநர் 2016 மார்ச்சில் பதவி விலகினார். 2018இல் அமெரிக்க அரசு, வடகொரியாவைச் சேர்ந்த ஒருவர்மீது இது குறித்துக் குற்றம் சாட்டியது, வடகொரியா மறுத்தது. போன பணத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் 2016 நவம்பரில் டாக்காவுக்குத் திரும்பியது. எஞ்சியதற்காக வழக்குகள் நடந்தன.

இதனை இத்துணை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பின்னர் உலகம் ஹவாலாவைப் பயங்கரவாதத்தின் மறுபெயராகவே பேசத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் அல்பரகாத் என்னும் சோமாலிய நிறுவனத்தின் கதவுகள் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் மூடப்பட்டன. வங்கிகளே இல்லாத சோமாலியாவில், வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள் தவித்தன. அமெரிக்காவின் விசாரணைக் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வோ, தாக்குதல் நடத்தியவர்களுக்குப் பணம் சாதாரண வங்கிகளின் வழியாகவே சென்றதென்று கண்டது. ஹவாலாவில் குற்றமே இல்லையென்று வாதிட நாம் வரவில்லை. கருப்புப் பணமும் கடத்தல் தங்கமும் அதே பாதையில் நடந்தன என்பது நம் கடற்கரை ஊர்கள் அறிந்ததே. அனுமதியின்றி அத்தொழில் புரிவது இந்தியச் சட்டப்படி குற்றம். சட்டத்தை மீறி ஈட்டியதற்கு நம் மரபின் பெயரைப் போர்த்துவது மரபுக்கே இழுக்கு. ஆயினும், தாயாருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளியின் சீட்டை ஐயக்கண் கொண்டு நோக்கிய அதே உலகம், முத்திரையும் குறியீடும் சரியாக இருந்ததென்ற ஒரே காரணத்தால் 10.1 கோடி டாலரை ஒரு வினாவுமின்றி முதலில் அனுப்பி வைத்தது. இதில் யாருடைய முறை நம்பத்தக்கது என்ற கேள்வியை நாம் எழுப்பலாகாதா?

கேள்வியை எழுப்பும் வேளையிலேயே தரையும் நகர்ந்துகொண்டிருக்கிறது. உண்டியல்காரருக்கும் ஹவாலாக்காரருக்கும் பற்றுக்கோடாக இருந்தவை பழகிய முகமும் பழகிய குரலும். எழுத்தைப் போலி செய்யலாம், முத்திரையைப் போலி செய்யலாம். அஹ்மது அண்ணனின் குரலைப் போலி செய்ய முடியுமா என்று அவர்கள் நம்பியிருந்தனர். இப்போது அதுவும் முடிகிறது. 2019இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தின் தலைவர், தம் மேலதிகாரியின் குரலென்று நம்பி ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலரை அனுப்பினார். அது இயந்திரம் செய்த குரல் எனக் கூறப்பட்டது. 2024இல் ஹாங்காங்கில் ஓர் அலுவலர், காணொளிக் கூட்டத்தில் தம் நிறுவன அதிகாரிகளை நேரில் கண்டு பேசியதாக நம்பி ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை இழந்தார். கூட்டத்தில் அவர் கண்ட முகங்கள் அனைத்தும் புனையப்பட்டவை. ஒரு சாட்சியின் வாயைக் கட்டுவதோடு திருடர் நிற்கவில்லை. கூட்டமாகச் சாட்சிகளையே படைக்கத் தொடங்கிவிட்டனர்.

இது தொலைதூரச் செய்தியென்று எண்ணிவிட வேண்டாம். இப்னு பதூதா வந்திறங்கிய கோழிக்கோடு நகரில், 2023 ஜூலையில், ஓய்வு பெற்ற ஒருவருக்குத் தம் பழைய நண்பரின் முகத்தோடும் குரலோடும் கைப்பேசியில் ஓர் அழைப்பு வந்தது. இருவருக்கும் பழக்கமான பெயர்களையெல்லாம் அம்முகம் நலம் விசாரித்தது. பிறகு உறவினரின் மருத்துவச் செலவுக்கென்று 40,000 ரூபாய் கேட்டது, அவரும் அனுப்பினார். சற்று நேரத்தில் இன்னும் பணம் வேண்டுமென்றது. அப்போது அவருக்கு ஐயம் தோன்றிற்று. அழைப்பைத் துண்டித்துவிட்டு, தம்மிடமிருந்த பழைய எண்ணில் அந்த நண்பரையே கூப்பிட்டுக் கேட்டார். நான் உன்னை அழைக்கவே இல்லையே என்றார் நண்பர். காவல்துறையில் முறையிட்டதும், பணம் சென்று சேர்ந்திருந்த மகாராஷ்டிர வங்கிக் கணக்கை அவர்கள் முடக்கினர்.